எலும்பிலும் இரசாயனம் கண்ட ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

இரசாயனம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? கண்ணாடிக் குழாய்களும், வண்ணத் திரவங்களும், மூக்கைத் துளைக்கும் நெடியுமே ஆகும். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் கிமியா என்னும் பெயரில் அப்பாடம் வரும். அதனைக் கற்பது கெட்டிக்காரப் பிள்ளைகளின் வேலை. நமக்கும் அதற்கும் வெகுதூரம் என்று நம்முள் பலர் எண்ணியிருக்கிறோம்.

இவ்வெண்ணம் சரியன்று. நம் ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய பாட்டன்மாரும் பாட்டிமாரும் இரசாயனத்தோடு வாழ்ந்தவர்களே. அவர்கள் வாளி வாளியாகச் சுமந்துவந்த மரப்பாலில், நீர் கலந்த பார்மிக் அமிலத்தை அளவறிந்து ஊற்றி உறையவைப்பர். பாலிலுள்ள நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதப்பவை. அமிலம் சேர்ந்ததும் அத்தள்ளும் ஆற்றல் நீங்கிவிடுகின்றது. துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகின்றன. சுடுபாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிவதும் ஏறக்குறைய இத்தகையதே. எறும்பு கடித்த இடத்தில் எரிகின்றதே, அந்த எரிச்சலுக்குக் காரணமாகும் பொருள்களுள் பார்மிக் அமிலமும் ஒன்று என்பதை அறிந்தால் நம் மாணவச் செல்வங்கள் வியப்படைவர் அன்றோ?

இவ்வாறு வீட்டிலும் வீதியிலும் அடுப்படியிலும் இரசாயனம் நிறைந்திருப்பதை மாணவர்க்குக் காட்டியவர்; காட்டியதோடு நில்லாமல், அந்த அறிவைக் கொண்டே ஏழை நாட்டில் ஒரு தொழிலையும் எழுப்பியவர் ஒருவர் இருந்தார். அவரே ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய். அவர்தம் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

பிரபுல்ல சந்திரர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய். தாயார் புவனமோகினி தேவி. தந்தையார் நிலக்கிழார், ஆயினும் நிலத்தைக் காட்டிலும் நூல்களை மிகுதியாக நேசித்தவர். தம் ஊரில் பள்ளி ஒன்றை நிறுவினார். தம் இல்லத்தில் நல்லதொரு நூலகத்தையும் அமைத்தார். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு 1870ஆம் ஆண்டில் குடும்பத்தோடு கல்கத்தாவிற்குக் குடியேறினார்.

கல்கத்தாவில் சிறுவர் பிரபுல்லர் ஹேர் பள்ளியில் சேர்ந்தார். அவருக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது கடுமையான சீதபேதி நோய் பற்றிக்கொண்டது. பள்ளிப் படிப்பு நின்றது. அந்நோய் தணிந்த பின்னரும் வயிற்றுக் கோளாறும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

நோயாளிச் சிறுவன் என்ன செய்வான்? முடங்கிக் கிடப்பான் என்றே பலரும் நினைப்போம். பிரபுல்லரோ தந்தையாரின் நூலகத்தைத் தமக்குப் பள்ளியாக ஆக்கிக்கொண்டார். வரலாற்று நூல்களையும் அறிஞர் பெருமக்களின் வாழ்க்கை வரலாறுகளையும் ஆழ்ந்து படித்தார். அச்சுக்கூடத்தில் கைத்தொழில் பழகி, பின்னர் மின்னலின் இயல்பை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளினின் வரலாறு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கைத்தொழிலும் கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்க இயலும் என்பதை அச்சிறு வயதிலேயே அவர் உணர்ந்தார் எனலாம். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தபின் மீண்டும் பள்ளி சென்றார்.

இரசாயனத்தின்பால் ஈர்ப்பு

பள்ளிப் படிப்பை முடித்த அவர் 1879இல் ஈஸ்வர சந்திர வித்தியாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் ஆய்வுக்கூட வசதி இல்லை. ஆகவே மாநிலக் கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லர் என்னும் பேராசிரியரின் இரசாயன விரிவுரைகளைக் கேட்டு வந்தார். பெட்லர் சொல்லால் மட்டும் கற்பிப்பவர் அல்லர்; சோதனைகளைச் செய்தே காட்டுபவர். அவற்றைக் கண்ட பிரபுல்லருக்கு உள்ளம் அடங்கவில்லை. தோழர் ஒருவரின் விடுதி அறையில் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்து, கண்ட சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார்.

ஒருமுறை தகரக்காரர் ஒருவரைக் கொண்டு மெல்லிய தகட்டால் ஒரு கருவி செய்வித்து, ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களைக் கொண்டு தீச்சுடர் எழுப்ப முயன்றார். அக்கருவி பேரொலியுடன் வெடித்துச் சிதறியது. நல்வினைப் பயனாக எவருக்கும் காயம் ஏற்படவில்லை. மாணவர்கள் இதனை வீர விளையாட்டாகக் கொள்ளலாகாது. ஆசிரியரின் மேற்பார்வையின்றிச் சோதனைகளில் இறங்கலாகாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

1882ஆம் ஆண்டில் கில்கிறிஸ்டு உதவிப்பணத் தேர்வில் இந்தியா முழுமையிலிருந்தும் இருவரே வெற்றி பெற்றனர். அவ்விருவருள் பிரபுல்லரும் ஒருவர். கடல் கடந்து ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்றார். அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்னும் இரசாயனப் பேரறிஞரிடம் பயின்று, 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் தாயகம் திரும்பினார்.

நெய்யும் எண்ணெயும்

திரும்பியவருக்கு வரவேற்பு காத்திருந்ததா? இல்லை. அந்நாளில் கல்வித்துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியவையாக இருந்தன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேலையின்றிக் கழிந்தது. அக்காலத்தில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் அவரைத் தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் துணைப் பேராசிரியர் பதவி கிட்டியது. ஒத்த தகுதியுடைய ஆங்கிலேயர் பெற்ற ஊதியம் இதனினும் மிகப் பெரிது. மனம் நொந்தபோதிலும் அவர் தம் பணியில் குறை வைக்கவில்லை.

கல்லூரியில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி யாது? மேனாட்டார் வியக்கும் அரும்பொருள் எதனையும் அவர் தேடிச் செல்லவில்லை. மக்கள் அன்றாடம் உண்ணும் நெய்யையும் கடுகெண்ணெயையும் ஆராயத் தொடங்கினார். கல்கத்தாவின் கடைத்தெருவில் கலப்படம் மலிந்திருந்தது. ஏழை தன் வியர்வைக் காசைக் கொடுத்து வாங்கும் நெய், நெய்தானா என்பதை அறியும் வழி வேண்டும். கலப்படத்தைக் கண்டறிய வேண்டுமாயின் முதலில் தூய பொருளின் இயல்பு தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே தம் கண்ணெதிரே கறந்த பாலிலிருந்து எடுத்த வெண்ணெயையும், தம் மேற்பார்வையில் ஆட்டிய எண்ணெயையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். மூன்றாண்டு உழைப்பின் பயனாக 1894இல் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார்.

எண்ணெய் பற்றிய இவ்வாராய்ச்சி நம் தோட்டங்களுக்கும் நெருங்கிய ஒன்றாகும். இன்று குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைத் தோட்டங்களாக மாறியுள்ளன. வெட்டிய செம்பனைக் குலைகளை அன்றன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர் விரைவுபடுத்துவது ஏன்? பழம் அடிபட்டவுடன் அதனுள் இருக்கும் நொதி, எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரிக்கத் தொடங்குகின்றது. நேரம் செல்லச் செல்ல அமிலம் பெருகி எண்ணெயின் தரம் கெடுகின்றது. ஆலையில் குலைகளை முதலில் நீராவியில் வேகவைப்பதால் அந்நொதி செயலிழக்கின்றது. குலை வெட்டும் தந்தையாரும், உதிர்ந்த பழம் பொறுக்கும் தாயாரும் ஓர் இரசாயன மாற்றத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகின்றனர் என்றால் அது மிகையாகாது.

மொட்டைமாடியில் எலும்புகள்

ராய் அவர்களின் உள்ளத்தை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. பட்டம் பெற்ற இளைஞர்கள் அரசாங்க எழுத்தர் வேலைக்காக வாயில்தோறும் காத்துக் கிடந்தனர். மருந்துகளோ கப்பலேறி அயல்நாட்டிலிருந்து வந்தன. மூலப்பொருள் உள்நாட்டில், செய்பொருள் வெளிநாட்டில். இந்நிலையை மாற்ற எண்ணிய அவர், 1892ஆம் ஆண்டில் ஏறத்தாழ 700 ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்க முதலில் முயன்றார். எலுமிச்சையின் விலை கட்டுப்படியாகாமையால் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

அடுத்து அவர் நாடியது எலும்பு. மருந்தாகப் பயன்படும் சோடியம் பாஸ்பேட்டு என்னும் உப்பை எலும்புச் சாம்பலிலிருந்து செய்யலாம். கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்புகளை வாங்கித் தம் வீட்டு மொட்டைமாடியில் உலரவைத்தார். எதிர்பாராத வகையில் மழை பிடித்துக்கொண்டது. எலும்பிலே ஒட்டியிருந்த இறைச்சி அழுகிப் புழுத்தது. காக்கைகள் கூட்டங்கூட்டமாக வந்து, எலும்புகளைக் கவ்விச் சென்று அண்டை வீடுகளில் போட்டன. எலும்பைத் தீண்டுவதே தீட்டு என்று கருதிய காலம் அது. அயலார் கொதித்தெழுந்து, நகராட்சியாரிடம் முறையிடப் போவதாக எச்சரித்தனர்.

ராய் அவர்கள் எலும்புகளை நகர்ப்புறத்தே மாணிக்தலாவிலிருந்த ஒரு திடலுக்கு அகற்றி, அங்கே குவித்துத் தீ மூட்டினார். இரவில் எலும்புகள் எரிவதைக் கண்ட காவலர்கள், எவரையோ கொன்று எரிக்கின்றனர் என ஐயுற்று விரைந்து வந்தனர். மாட்டெலும்பே என்பதைக் கண்ட பின்னரே அமைதியடைந்தனர். அச்சாம்பலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூப்பர் பாஸ்பேட்டு ஆக்கினார்; அதிலிருந்து வேண்டிய மருந்துப்பொருளைச் செய்தார். சூப்பர் பாஸ்பேட்டு உரமாகவும் உதவுவது. நம் தோட்டங்களில் மரத்தடியில் இடும் பாஸ்பேட்டு உரத்திற்கும், எலும்புக்கு உறுதி தரும் பொருளுக்கும் உள்ள உறவு இதனால் விளங்கும்.

எடின்பரோவில் பட்டம் பெற்ற ஒருவர், கல்லூரி முடிந்து மாலையில் வீடு திரும்பியதும் எலும்புச் சாம்பலிலும் அமிலத்திலும் கைவைத்து உழைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உழைப்பினால் அழுக்கான கை இழிவானதன்று என்பதை அவர் செயலால் நிறுவினார்.

ஓமத் தண்ணீரும் ஆடாதோடைப் பாகும்

மருந்துகளைச் செய்தாயிற்று, வாங்குவார் வேண்டுமே! உள்நாட்டுச் சரக்கு என்றவுடன் கல்கத்தா மருந்துக் கடைக்காரர்கள் தயங்கினர். அச்சமயம் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர் கைகொடுத்தார். அவர் தாமும் தொழிலகத்தில் சேர்ந்து, மருத்துவ நண்பர்களிடம் அம்மருந்துகளைப் பரப்பினார். அவருடைய தூண்டுதலால் நாட்டு மூலிகைகளிலிருந்தும் மருந்துகள் தோன்றின. வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர். இருமலுக்கு ஆடாதோடைப் பாகு. நிலவேம்புச் சாறு ஆகியவை அவற்றுள் சில. நம் பாட்டிமார் கைம்மருந்தாக அறிந்திருந்த இலையும் விதையும் அளவும் தூய்மையும் பெற்றுப் புட்டிகளில் வந்தன.

ஆயினும் இம்முயற்சிக்குக் கொடுத்த விலை பெரிது. அமூல்ய சரணரின் உறவினரும் இரசாயனம் கற்றவருமாகிய சதீஷ் சந்திர சின்ஹா என்னும் இளைஞர் தொழிலகத்தில் ஆர்வத்துடன் உழைத்து வந்தார். பணியின்போது கொடிய நஞ்சாகிய ஹைட்ரோசயனிக் அமிலத்திற்கு எதிர்பாராமல் இரையாகி உயிர் நீத்தார். பின்னர் 1898இல் கொள்ளைநோய் பரவியபோது அமூல்ய சரணரும் மாண்டார். இரு கைகளையும் இழந்தவர் போலானார் ராய். தொழிலகத்தை மூடிவிடலாம் என்று எவரும் எண்ணியிருப்பர். அவரோ துயரை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, பொறுப்பு முழுவதையும் தம் தோளில் ஏற்றார். 1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. 1905இல் மாணிக்தலாவில் பெரிய ஆலை எழுந்தது. 1980இல் இந்திய அரசின் உடைமையாகிய அந்நிறுவனம் இன்றளவும் நிலைத்துள்ளது.

சதீஷ் சந்திரரின் மரணம் நமக்கும் ஒரு பாடமாகும். நன்கு கற்றவரையும் இரசாயனம் மன்னிப்பதில்லை. பூச்சிமருந்து, களைக்கொல்லி, அமிலம் ஆகியவற்றைக் குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ ஊற்றி வைத்தல் பெருந்தீங்கு. குழந்தை அறியாமல் எடுத்துக் குடித்துவிடும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. நீரிலேயே அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். உடலில் அமிலம் பட்டால் உடனே மிகுதியான நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளும் இவற்றை மறவாதிருப்பாராக.

வகுப்பறையில் ஆசாரியர்

ஆராய்ச்சியிலும் ராய் அவர்கள் பெரும்புகழ் எய்தினார். மிகுதியான பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் வினைபுரிய விட்டபோது, மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றக் கண்டார். அதுவரை எவரும் அறியாத மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்னும் அப்பொருளைப் பற்றி 1896இல் உலகிற்கு அறிவித்தார். பண்டை இந்தியர்தம் இரசாயன அறிவைச் சுவடிகளிலிருந்து திரட்டி, 1902லும் 1909லும் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வரலாறு எழுதினார்.

இத்துணைப் பெரிய அறிஞர் எந்த வகுப்பிற்குக் கற்பிக்க விரும்பினார் தெரியுமா? கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தொடக்க வகுப்பு மாணவர்க்கே. பச்சைக் களிமண்ணைத்தான் விரும்பிய வடிவில் வனைய முடியும் என்பதைக் குயவர் அறிவர், அவரும் அறிந்திருந்தார். தாய்மொழியாம் வங்காளத்திலேயே விளக்கம் தருவார். எலும்பை எரித்து, எஞ்சிய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயிலிட்டுக் காட்டுவார் என்பர். மாணவர் திகைப்பர். தீயில் வெந்தபின் அது எலும்பன்று, கால்சியம் பாஸ்பேட்டு என்னும் தூய பொருளே என்பதை அவர்கள் பின்னர் எவ்வாறு மறப்பர்? கற்றறிந்த ஆசாரியர் செய்ததனை நாம் செய்து பார்த்தல் கூடாது. ஆனால் அதன் கருத்தை மட்டும் மனத்தில் இருத்துவோம். ஒரு பொருளை அதன் பழைய பெயரைக் கொண்டு வெறுக்காமல், இன்றைய இயல்பைக் கொண்டு அறிதல் வேண்டும் என்பதே அக்கருத்து.

அவரிடம் பயின்றோருள் மேகநாத சாஹா, சத்தியேந்திர நாத போஸ், நீல ரத்தன் தார், ஞான சந்திர கோஷ் முதலியோர் பின்னாளில் பேரறிஞர்களாகத் திகழ்ந்தனர். அவருள் மேகநாத சாஹா சிற்றூரில் எளிய கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமக்கென வாழாமை

ராய் அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே அவர்க்குப் பிள்ளைகள். 1901ஆம் ஆண்டளவில் கோகலே அவரைக் காந்தியடிகட்கு அறிமுகம் செய்துவைத்தபோது, மாதம் 800 ரூபாய் ஊதியம் பெற்று, 40 ரூபாயை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பொதுநலத்திற்கு வழங்குபவர் என்றே குறிப்பிட்டார். தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர் பட்ட துன்பங்களைக் காந்தியடிகள் கல்கத்தா மக்களுக்கு எடுத்துரைக்கக் கூட்டம் கூட்டியோருள் ராய் அவர்களும் ஒருவர். கடல் கடந்து உழைத்த மக்கள்மீது அவர் கொண்ட பரிவு, அவ்வாறே கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நம் நெஞ்சைத் தொடுவதாகும்.

1916இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அக்கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்தபோது, அதற்குப்பின் தாம் பெறவேண்டிய ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். 1922இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவந்து துயர்நீக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1924இல் தோன்றிய இந்திய இரசாயனக் கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள், தம் கல்லூரி அறையிலேயே, எண்பத்திரண்டாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் பெறும் படிப்பினை

ராய் அவர்களின் வரலாறு நமக்குக் கூறுவது யாது? அறிவு ஒரு பக்கமும் உழைப்பு மறுபக்கமும் பிரிந்து நின்றால் இரண்டும் நலியும். அறிவில்லாக் கை ஆபத்தை அறியாது. கைபடாத அறிவு எவர்க்கும் சோறிடாது. இவ்விரண்டையும் இணைத்தவர் ஆசாரியர்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் தாயாரிடம் கேளுங்கள்: மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கின்றது? பாட்டனாரிடம் கேளுங்கள்: பாலில் அமிலம் மிகுந்தால் என்ன நேரும்? தந்தையாரிடம் கேளுங்கள்: எண்ணெய் பூசாத கத்தி ஏன் துருப்பிடிக்கின்றது? காரணத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் அதன் செயலை அவர்களின் கைகள் அறியும். அவர்கள் அறிந்ததைக் கேட்டு வந்து, அதற்குரிய காரணத்தை ஆசிரியரிடம் வினவுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்கும்போது, எமக்கு என்ன தெரியும் என்று கூறி விலக்கிவிடாதீர்கள். கண்டதையும் பட்டதையும் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்தும் ஒரு பிரபுல்ல சந்திரர் தோன்றுவார் என நாம் நம்புகிறோம். அவர்க்குரிய முதல் பாடம் நம் அடுக்களையிலும் செம்பனை நிழலிலும் இப்போதே விரிந்து கிடக்கின்றது.